கோல்ப் மைதான நினைவுக்கொடிகள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவுக்கு பஸ்ஸில் வந்து இறங்கும் எவரும் அங்குள்ள கோல்ப் மைதானத்தைப் பார்க்காமல் நகரைக் கடந்துவிட முடியாது. 1889ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த மைதானம், வீதிகளும் பழைய பங்களாக்களும் சூழ, நகரின் நடுவிலேயே விரிந்து கிடக்கிறது. காலையில் பனி விலகும்போது முதலில் கண்ணில் படுவது குழிகளின் அருகே நிற்கும் கொடிகள்தான். என் தந்தையார் இளமையில் மலையகத்து மைதானமொன்றில் கெடியாக, அதாவது விளையாட வருபவரின் பையைச் சுமந்து உடன் நடப்பவராக, வேலை செய்தவர். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு பழைய கொடியிலிருந்துதான் என் சேகரிப்பு தொடங்கியது. இப்போது கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போது சொக்லேட் பெட்டிகளோடு இத்தகைய கொடிகளையும் கொண்டுவருகிறார்கள். ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் கண்டியிலிருந்தும் பலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

நினைவுக்கொடி என்றால் என்ன? மைதானத்தில் பறக்கும் கொடியும் அதுவும் ஒன்றுதானா?

கோல்ப் ஆட்டத்தில் பந்து விழவேண்டிய குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர் மட்டுமே. இருநூறு, முந்நூறு மீற்றர் தொலைவில் நிற்பவருக்கு அது தெரியாது. ஆகவே குழிக்குள் ஒரு கம்பை நட்டு, அதன் உச்சியில் கொடியைக் கட்டுகிறார்கள். குழி எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்ற இரண்டையும் ஆட்டக்காரர் அந்தத் துணியைப் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறார். பெரும்பாலும் 20 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் கொண்ட நைலோன் அல்லது பொலியெஸ்டர் துணியில் இது தைக்கப்படுகிறது.

நினைவுக்கொடி என்பது அதே அளவில், அதே சின்னத்தோடு, விற்பனைக்கென்றே தயாரிக்கப்படுவது. மைதானத்தின் கடையிலோ போட்டி நடக்கும் வாரத்தில் போடப்படும் கூடாரத்திலோ அதை வாங்கலாம். சின்னம் நூலால் பின்னப்பட்டிருக்கும், அல்லது மையால் அச்சிடப்பட்டிருக்கும். அது ஒரு நாளும் குழியருகே பறந்ததில்லை. அதனால் அது போலியாகிவிடாது. ஆயினும் பறந்த கொடியை ஒரு வகையாகவும் விற்பனைக் கொடியை வேறொரு வகையாகவும் பிரித்து வைப்பதே நேர்மையான சேகரிப்பு.

எல்லா மைதானங்களின் கொடிகளையும் சேகரிக்கிறார்களா?

சேகரிக்கலாம், தடையேதும் இல்லை. ஆனால் உலகெங்கும் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுவது பெரும் போட்டிகள் நடந்த மைதானங்களின் கொடிகளையே. ஆண்களுக்கான நான்கு பெரும் போட்டிகளில் மிகப் பழையது ஓப்பன் சம்பியன்ஷிப். 1860இல் ஸ்கொட்லாந்தின் பிரெஸ்விக் மைதானத்தில் எட்டுப் பேர் மட்டும் ஆடிய போட்டியாக அது தொடங்கியது. அமெரிக்காவின் யூ.எஸ். ஓப்பன் 1895இலும், பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப் 1916இலும், மாஸ்டர்ஸ் போட்டி 1934இலும் முதன்முதலாக நடைபெற்றன.

இவற்றுள் மாஸ்டர்ஸ் மட்டுமே ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஜோர்ஜியா மாநிலத்தின் ஒகஸ்டா நெஷனல் மைதானத்தில் நடக்கிறது. மற்ற மூன்றும் மைதானம் விட்டு மைதானம் மாறுகின்றன. அதனால் அவற்றின் கொடிகளில் போட்டியின் பெயரோடு ஆண்டும் மைதானத்தின் அடையாளமும் சேர்ந்து வருகின்றன. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சை எடுத்துக்கொண்டால், அங்கே 1972, 1982, 1992, 2000, 2010, 2019 ஆகிய ஆண்டுகளில் ஆண்களின் யூ.எஸ். ஓப்பன் நடந்திருக்கிறது. ஆண்டு எதுவும் குறிக்கப்படாத பெபிள் பீச் கொடியை மைதானக் கடையில் எப்போதும் வாங்கலாம். 2000 என்று குறிக்கப்பட்ட கொடியோ டைகர் வூட்ஸ் இரண்டாமிடத்தவரைவிடப் பந்தை 15 தடவை குறைவாக அடித்து வென்ற அந்த ஒரு வாரத்துக்கு மட்டுமே உரியது. இரண்டிலும் துணி ஒன்று, தையலும் ஏறத்தாழ ஒன்றுதான். சேகரிப்பாளரின் கண் முதலில் ஆண்டைத் தேடுவது இதனால்தான்.

மாஸ்டர்ஸ் கொடி கிடைப்பது ஏன் அவ்வளவு கடினம்?

அதை முறையாக விற்கும் இடம் ஒகஸ்டா மைதானத்தின் உட்புறம் என்பதே காரணம். போட்டியைப் பார்க்க அனுமதிச்சீட்டு பெற்றவர்கள் உள்ளே சென்று, வரிசையில் நின்று வாங்குவதே வழமை. அந்தச் சீட்டு கிடைப்பதே பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை நடக்கும் காரியம். எனவே வேறு இடங்களில் விலைக்கு வரும் மாஸ்டர்ஸ் கொடி ஒவ்வொன்றும், உள்ளே சென்ற ஒருவரின் பையில் வெளியே வந்ததாக இருக்கவேண்டும். யார் அவர், எந்த ஆண்டு சென்றார் என்று விற்பவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். உண்மையாக வாங்கி வந்தவருக்கு அதைச் சொல்வதில் மகிழ்ச்சிதான் இருக்கும்.

அதன் சின்னம் எளிமையானது: மஞ்சள் நிறத்தில் அமெரிக்காவின் வரைபடம், அதில் ஜோர்ஜியா இருக்கும் இடத்தில் நடப்பட்ட ஒரு கொடிக்கம்பு. எளிமையான சின்னம் என்பதால் போலி செய்பவர்களுக்கும் எளிது. பின்னலில் வரைபடத்தின் கரையோர வளைவுகள் மழுங்கியிருக்கின்றனவா, எழுத்துகளுக்கிடையே நூல் அறுபடாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறதா என்று கொடியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்புறத்தைவிடப் பின்புறம் அதிகம் பேசும்.

சென்ட் அன்ட்ரூஸ் கொடி ஒன்று வெள்ளையாகவும் இன்னொன்று சிவப்பாகவும் இருக்கிறது. எது சரியானது?

இரண்டும் சரியானவையே. ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் நகரிலுள்ள பழைய மைதானத்தில் 18 குழிகள் உண்டு. ஆனால் அவற்றுள் 14 குழிகள் ஏழு பெரிய கிரீன்களை இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொள்கின்றன. கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட மழிக்கப்பட்ட புற்பரப்பு. ஒரே கிரீனில் இரண்டு குழிகள் இருந்தால், தொலைவிலிருந்து அடிப்பவருக்குத் தன் குழி எது என்ற குழப்பம் வரும். எனவே அந்தக் கிரீன்களில் வெளிநோக்கிச் செல்லும் குழிக்கு வெள்ளைக் கொடியும், திரும்பி வரும் குழிக்குச் சிவப்புக் கொடியும் நடப்படுகின்றன. ஒரே கிரீனைப் பகிரும் இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 2உம் 16உம், 5உம் 13உம், 8உம் 10உம். இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டு அந்தக் கொடியைப் பார்க்கும்போது, நிறமே ஒரு வரைபடம் போலத் தோன்றும். என்னிடம் இருப்பது சிவப்பு. அதன் வெள்ளைத் துணையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மெரியன் மைதானத்தின் கொடி என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

பென்சில்வேனியாவின் மெரியன் மைதானத்தில், புகழ்பெற்ற கிழக்குப் பகுதியில், குழிகளில் வழமையாகக் கொடி கிடையாது. கம்பின் உச்சியில் பிரம்பால் பின்னிய சிறு கூடை இருக்கும். 2013இல் ஜஸ்டின் ரோஸ் யூ.எஸ். ஓப்பனை வென்றது அந்த மைதானத்தில்தான். எனவே அதன் பெயரில் வரும் துணிக்கொடி விற்பனைக்காகச் செய்யப்பட்ட நினைவுப்பொருளாக இருக்கலாமே தவிர, "குழியருகே பறந்தது" என்ற பேச்சை எளிதில் நம்பவேண்டாம்.

உண்மையில் குழியருகே பறந்த கொடியை எப்படி அடையாளம் காண்பது?

கம்போடு சேரும் ஓரத்தை முதலில் பார்க்கவேண்டும். கம்பில் செருகுவதற்கான குழாயோ கட்டுவதற்கான வளையமோ இருந்த இடத்தில் துணி உராய்ந்து மெலிந்திருக்கும். சில வேளைகளில் துருக்கறை படிந்திருக்கும். எதிர் ஓரம் காற்றில் இடைவிடாமல் அடிபடுவதால் அங்கேதான் நூல் முதலில் பிரியும். வெயில் பட்ட நிறத்துக்கும் தையலின் மடிப்புக்குள் மறைந்திருந்த நிறத்துக்கும் வேறுபாடு தெரியும். பல போட்டிகளில் கொடியின் மீது குழியின் எண்ணும் இருக்கும். ஆனால் ஒரே வாரம் நடக்கும் பெரும் போட்டிகளில் கொடிகள் புத்தம் புதியனவாகப் போடப்படுவதால், தேய்மானத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது. அங்கே கைமாறிய வரலாறுதான் சான்று.

அந்த வரலாற்றில் கெடிமாருக்குத் தனி இடம் உண்டு. தொழில்முறைப் போட்டியில் வென்ற ஆட்டக்காரரின் கெடி, கடைசிக் குழியான 18ஆம் குழியின் கொடியைக் கழற்றித் தன்னோடு எடுத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். 2021 ஏப்ரல் மாதம் ஹிடெக்கி மட்சுயாமா மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். ஆண்களின் பெரும் போட்டியொன்றை ஜப்பானியர் ஒருவர் வென்றது அதுவே முதல் தடவை. அவருடைய கெடி ஷோட்டா ஹயாஃபுஜி, கொடியைக் கழற்றிக்கொண்ட பின் வெறுங்கம்பைக் குழியில் மீண்டும் நட்டு, தொப்பியை எடுத்துவிட்டு, ஆளில்லாத புல்வெளியை நோக்கித் தலைதாழ்த்தி வணங்கினார். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. வேலைக்குப் போகுமுன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் அவருக்கும் இருந்தது.

இன்னொரு குடும்பத்தின் கதையையும் சொல்லவேண்டும். அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சனின் தாய்வழித் தாத்தா அல் சான்டோஸ், பெபிள் பீச் மைதானம் தொடங்கிய காலத்தில் சிறுவனாக அங்கே கெடி வேலை பார்த்தவர். பேரன் தான் வென்ற போட்டிகளின் 18ஆம் குழிக் கொடிகளை அவருக்குக் கொடுப்பார். தாத்தா அவற்றைச் சமையலறைச் சுவரில் மாட்டி வைப்பார். பெரும் போட்டியொன்றின் கொடியைக் கொண்டுவா என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. 2004 ஜனவரியில், 97ஆவது வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு ஏப்ரலில் மிக்கல்சன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். அதுவே அவருடைய முதல் பெரும் போட்டி வெற்றி. மூன்று மாத இடைவெளியில் தவறிப்போன அந்தக் கொடியை எண்ணும்போதெல்லாம், ஒரு துணித்துண்டு எத்தனை கனமானதாக இருக்கமுடியும் என்று வியக்கிறேன்.

கையெழுத்திட்ட கொடிகளை நம்பி வாங்கலாமா?

எச்சரிக்கையோடு வாங்கலாம். அமெரிக்காவில் 1990களில் எஃப்.பி.ஐ. நடத்திய விசாரணையில் விளையாட்டு வீரர்களின் போலிக் கையெழுத்துகள் பெருமளவில் பிடிபட்டன. அந்தத் தொழில் இன்றும் ஒழிந்துவிடவில்லை. கோல்ப் கொடி அதற்கு மிகவும் வசதியான பொருள். கொடி உண்மையாகவே இருக்கும். கையெழுத்து மட்டும் பொய்யாக இருக்கும்.

என் முதல் சோதனை ஆண்டுக்கணக்கு. இதற்குப் பூதக்கண்ணாடியோ நிபுணரோ தேவையில்லை. ஆர்னோல்ட் பாமர் 2016 செப்டெம்பரில் காலமானார். 2017 என்று குறிக்கப்பட்ட கொடியில் அவருடைய கையெழுத்து இருந்தால் அது போலி. செவே பலஸ்டெரோஸ் 2011 மே மாதம் மறைந்தார்; 2012 ஓப்பன் கொடியில் அவர் கையெழுத்திட்டிருக்க முடியாது. பேய்ன் ஸ்டுவர்ட் 1999 ஜூன் மாதம் பைன்ஹர்ஸ்ட் மைதானத்தில் யூ.எஸ். ஓப்பனை வென்று, அதே ஆண்டு ஒக்டோபரில் விமான விபத்தில் உயிரிழந்தார். அந்தப் போட்டியின் கொடியில் அவர் கையெழுத்திடுவதற்குக் கிடைத்த காலம் நான்கு மாதங்கள்தான். அத்தகைய கொடி கையிருப்பில் நிறைய உண்டு என்று ஒருவர் சொன்னால் விலகிவிடுங்கள்.

அடுத்து, மை. உண்மையான கையெழுத்தில் மை துணியின் இழைகளுக்குள் இறங்கியிருக்கும். பேனா வேகமெடுத்த இடத்தில் கோடு மெலிந்தும், தயங்கிய இடத்தில் தடித்தும் இருக்கும். ஒரே தடிப்பில், நடுங்கியபடி, மெதுவாக வரையப்பட்ட கோடு இன்னொருவரின் எழுத்தைப் பார்த்துப் போட்டதற்கான அடையாளம். சில கொடிகளில் கையெழுத்தே அச்சிடப்பட்டிருக்கும். உருப்பெருக்கிப் பார்த்தால் சிறு புள்ளிகள் தெரியும். பாமரின் கையெழுத்து ஒவ்வொரு எழுத்தும் வாசிக்கக்கூடிய அளவுக்குத் தெளிவானது. இளம் ஆட்டக்காரர்களும் அப்படியே போடவேண்டும் என்று அவர் வற்புறுத்துவார். அவர் பெயரில் அவசரக் கிறுக்கலைக் கண்டால் ஐயம் கொள்வது முறை.

டைகர் வூட்ஸின் கையெழுத்துக்குத் தனி நடைமுறை உண்டு. அப்பர் டெக் என்ற நிறுவனம் 2001 முதல் அவரோடு ஒப்பந்தம் செய்து, கையெழுத்திட்ட பொருட்களை அடையாள ஒட்டுப்படத்தோடு விற்றுவருகிறது. மற்றவர்களின் கையெழுத்துகளைச் சோதித்துச் சான்றளிக்கும் நிறுவனங்களும் உள்ளன. ஆனால் சான்றிதழைத் தாளில் அச்சடிப்பது கொடியைப் போலி செய்வதைவிட எளிது என்பதால், சான்றிதழின் எண்ணை அந்த நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்ட பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

நேரில் கையெழுத்து வாங்க வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்யவேண்டும்?

கொடிக்கு அடியில் தட்டையான ஓர் அட்டையை வைத்து, துணியை இறுக்கிப் பிடித்து நீட்டவேண்டும். தளர்ந்த துணியில் பேனா இழுபடும். நுனி மெல்லிய, அழியாத மைப் பேனா ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பின்னலின் மேல் போடாமல் வெற்றிடத்தில் போடுமாறு பணிவோடு கேளுங்கள். மை காய்வதற்குச் சில நிமிடங்கள் விட்டபின் சுருட்டுங்கள். ஆட்டம் நடக்கும்போது மட்டும் கேட்கவேண்டாம்.

நம் ஊர்ப் பனியிலும் ஈரத்திலும் கொடியை எப்படிப் பாதுகாப்பது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். வெளிநாட்டில் எழுதப்படும் அறிவுரைகள் நமக்கு முழுமையாகப் பொருந்தாத இடமும் இதுதான். அங்கே அவர்கள் வெயிலுக்கு அஞ்சுகிறார்கள். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் நாம் வெயிலோடு சேர்த்துப் பூஞ்சணத்துக்கும் அஞ்சவேண்டும். காற்றின் ஈரப்பதம் நெடுநாட்களுக்கு 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். மழைக்காலத்தில் நம் வீடுகளில் அது வெகு சாதாரணமாகத் தாண்டிவிடும்.

நைலோனையும் பொலியெஸ்டரையும் பூச்சிகள் தின்பதில்லை. ஆனால் பிரேமுக்குள் வைக்கும் அட்டையையும் பசையையும் வெள்ளிப்பூச்சி தின்னும். அந்த அட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொடிக்குக் கறையையும் கொடுக்கும். ஆகவே அமிலமற்ற அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கொடியைப் பசையால் ஒட்டவே கூடாது. மேல் ஓரத்திலும் பக்கங்களிலும் மெல்லிய பருத்தி நூலால் சில தையல்கள் போட்டு அட்டையோடு பிணைத்தால் போதும். பின்னாளில் நூலை வெட்டிக் கொடியை எந்தச் சேதமும் இல்லாமல் எடுத்துவிடலாம். கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. குளிர்ந்த இரவில் கண்ணாடியின் உட்புறத்தில் நீர் வியர்க்கும். துணி அதோடு ஒட்டியிருந்தால் மை கண்ணாடிக்கு மாறிவிடும். எனவே இரண்டுக்கும் நடுவே விரல் தடிப்புக்கு ஒரு சட்டத்தை வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டின் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். மழையடிக்கும் அந்தச் சுவர்தான் முதலில் ஊறும். உட்சுவரில் மாட்டி, பிரேமின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் பின்னால் காற்றோடும். விறகு அடுப்பு எரியும் வீட்டில் சமையலறைப் பக்கம் வேண்டாம். புகைக்கரி வெள்ளைத் துணியை ஓராண்டில் பழுப்பாக்கிவிடும். கையெழுத்துள்ள கொடிக்குப் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி போடுவது நல்லது. கொழும்பில் கிடைக்கிறது, விலை சற்று அதிகம். அது இயலாவிட்டால் நேர்வெயில் படாத இடமே போதுமான பாதுகாப்பு.

பிரேம் போடாதவர்கள், அமிலமற்ற மெல்லிய தாளோடு சேர்த்து ஒரு குழாயில் கொடியைச் சுருட்டி வைக்கலாம். மடித்து வைத்தால் மடிப்புக்கோடு நிரந்தரமாகிவிடும். பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி வைப்பது பெரும் தவறு. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லை. அலுமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, மாதம் ஒருமுறை அவற்றை எடுத்துக் காயவைத்துத் திரும்ப வையுங்கள். பூச்சி உருண்டையை அருகில் வைக்கவேண்டாம்.

லெமினேட் செய்வதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கனடாவிலிருக்கும் என் பெரியம்மா மகன் அண்ணா, கையெழுத்திட்ட ஒரு கொடியை எனக்கு அனுப்பியிருந்தார். ஈரத்துக்குப் பயந்து, அதை நகரிலுள்ள ஒரு கடையில் லெமினேட் செய்யக் கொடுத்தேன். கடைக்காரர் அடையாள அட்டையைப் போலவே அதையும் இயந்திரத்துக்குள் தள்ளினார். வெளியே வந்தபோது நைலோன் சூட்டில் சுருங்கி அலையலையாக இருந்தது. நீல மை பரவிக் கையெழுத்தின் கடைசி எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. பிளாஸ்டிக்கை உரிக்கவும் முடியவில்லை, ஏனெனில் அது துணியோடு உருகி ஒட்டிவிட்டது. அந்தக் கொடியை இன்னும் வைத்திருக்கிறேன். கேட்டு வருபவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். லெமினேட் செய்யாதீர்கள்.

அழுக்கான கொடியைத் துவைக்கலாமா?

கையெழுத்து இருந்தால் கூடாது. பறந்த கொடியாக இருந்தாலும் கூடாது என்பேன்; அந்த மண்கறை அதன் சான்று. விற்பனைக் கொடி மட்டும் அழுக்காகிவிட்டால், வெதுவெதுப்பான நீரில் சிறிதளவு மென்மையான சவர்க்காரம் கலந்து கையால் அலசி, நிழலில் உலர்த்தலாம். வெளுப்பான் வேண்டாம். சுருக்கம் எடுக்க, மேலே பருத்தித் துணி விரித்து, மிகக் குறைந்த சூட்டில், பின்புறமாகத் தேய்க்கவேண்டும்.

இதில் முதலீடு செய்யலாமா?

இல்லை. சாதாரண நினைவுக்கொடி சில பத்து டொலர்களுக்கு விற்கப்படுகிறது. ஆயிரக்கணக்கில் தைக்கப்படும் பொருள் அது. விலை ஏறுவது அரிய ஆண்டுகளுக்கும் நம்பகமான கையெழுத்துகளுக்கும் மட்டுமே, அதுவும் வாங்குபவர்கள் இருக்கும் நாடுகளில். தபாலில் வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கத் தீர்வையும் கொடியின் விலையையே தாண்டிவிடலாம். உறவினர் வரும்போது பெட்டியில் ஒரு குழாயாகச் சுருட்டிக் கொண்டுவரச் சொல்வதே சிறந்த வழி. பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கிய பணத்தை இதில் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும்; தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம்.

நம் மைதானங்களின் கொடிகளுக்கு மதிப்பு உண்டா?

உண்டு என்றே உறுதியாகச் சொல்வேன். மலையகத்தில் 18 குழிகள் கொண்ட இரண்டு மைதானங்கள் வெளிநாட்டவரும் அறிந்தவை. ஒன்று, முன்னே சொன்ன நுவரெலியா மைதானம். மற்றொன்று, கண்டிக்குக் கிழக்கே திகன, ரஜவெல்லையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்தது. அதை வடிவமைத்தவர் ஆங்கிலேய வடிவமைப்பாளர் டொனால்ட் ஸ்டீல். இவற்றுள் எதுவும் பெரும் போட்டிகளின் பட்டியலில் இல்லை. ஆயினும், வெள்ளைக்காரத் துரைமார் ஆடிய காலத்தில் அந்தப் புல்லை மழித்தவர்களும், பந்தைத் தேடியவர்களும், பையைச் சுமந்தவர்களும் இந்த நாட்டின் சாதாரண உழைப்பாளிகள். அவர்களுள் தோட்டத்து லயங்களிலிருந்து போன நம்மவர்களும் இருந்தார்கள். ஒகஸ்டா கொடிக்கு உலகமெல்லாம் ஆள் உண்டு. நம் கொடியை நாம் வைக்காவிட்டால் வேறு எவரும் வைக்கப்போவதில்லை.

குழியில் பறக்கும் கொடியைக் கழற்றி எடுப்பது திருட்டு என்பதைச் சொல்லியாகவேண்டும், ஏனெனில் இரண்டு இளைஞர்கள் என்னிடம் அத்தகைய கொடியை விற்க வந்தார்கள்; நான் வாங்கவில்லை. கொடிகள் கிழிந்து மாற்றப்படும்போது பழையவை வீசப்படுகின்றன. மைதான அலுவலகத்தில் முறையாகக் கேட்டால், மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணமிருக்காது. அங்கே வேலை செய்பவர்களிடம், குறிப்பாக மூத்த கெடிமாரிடமும் புல் மழிப்பவர்களிடமும் பேசுங்கள். பழைய கொடி வீட்டில் கிடக்கிறதா என்று மட்டும் கேட்காமல், எந்தக் குழியில் காற்று எப்படி மாறும் என்றும் கேளுங்கள். கொடியைப் பார்த்தே வாழ்ந்தவர்கள் அவர்கள்.

சேகரிப்பை எப்படிப் பதிவு செய்வது?

கொடி கையில் வந்த அன்றே எழுதுங்கள். அமிலமற்ற தாளில், பென்சிலால் எழுதுவது நல்லது. பென்சில் எழுத்து ஈரத்தில் பரவாது. மைதானம், போட்டி, ஆண்டு, குழியின் எண், யார் வாங்கினார், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, கையெழுத்து இருந்தால் எங்கே எந்த நாளில் போடப்பட்டது, அப்போது அருகில் இருந்தவர் யார் என்பவற்றை எழுதி, கொடியோடு பிரேமின் பின்னால் ஓர் உறையில் வையுங்கள். இதே விவரத்தை ஒரு கொப்பியிலும் எழுதி, கொடியின் ஒளிப்படத்தோடு வேறிடத்தில் வையுங்கள். பற்றுச்சீட்டு, நுழைவுச்சீட்டு, கடையின் பை ஆகியவற்றையும் எறியவேண்டாம்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டிலேயே சான்று உண்டு. என் தந்தையார் கொண்டுவந்த கொடி சிவப்பு நிறம். இப்போது செங்கல் நிறமாக வெளுத்திருக்கிறது. நடுவில் 7 என்ற எண் வெள்ளைத் துணியில் வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது, அதில் ஒரு பக்கத் தையல் கையால் போடப்பட்டது. வெளி ஓரம் இரண்டு அங்குலத்துக்குப் பிரிந்திருக்கிறது. மழைநாளொன்றில் அதைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்ததாக அம்மா சொல்வார். யார் கொடுத்தார்கள், எந்த ஆண்டு, அந்த எண்ணைக் கையால் தைத்தது யார் என்று நான் அவர் இருக்கும்போது ஒருநாளும் கேட்கவில்லை. அவர் காலமான பிறகு, தெரிந்த அளவுக்கு ஒரு தாளில் எழுதி அதன் பின்னால் வைத்தேன்: "குழி 7. அப்பா மழையில் கொண்டுவந்தது. அம்மா சொன்னது."